வாய்தா நாள், காலை விமானம்

மீனம்பாக்கத்திலிருந்து வாகைக்குளம்
ஐந்நூற்று முப்பது சொச்சம் கிலோமீட்டர்.
ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் என்கிறது சீட்டு.
காற்று எதிர்த்தால் ஒன்றரை.

மடிப்பாக்கத்தில் என் வீட்டுக்கும்
நங்கநல்லூரில் அவன் அறைக்கும்
மூன்று கிலோமீட்டர், இரண்டு சிக்னல்.
கல்யாணம் பாளையங்கோட்டையில் நடந்ததால்
வழக்கும் பாளையங்கோட்டையில்.
பிரிவதற்கு இவ்வளவு தூரம்
சேர்ந்து வர வேண்டியிருக்கிறது.

பத்தரை மணிக் கோர்ட்டுக்குத் தோதான விமானம்
ஒன்றே ஒன்று.
எனக்கு நாலாவது வரிசை, அவனுக்குப் பதினேழு.
திரும்பிப் பார்க்காமலே அவன் தும்மல் எனக்குத் தெரியும்:
அடுத்தடுத்து இரண்டு, கொஞ்சம் இடைவெளி,
பிறகு மூன்றாவது.
இன்று இரண்டோடு நின்றுவிட்டது.
மூன்றாவதற்குக் காத்திருந்ததில்
மதுரை கடந்துபோனதைக் கவனிக்கவில்லை.

இறங்கும்போது ஜன்னலில் உப்பளம்,
யாரோ கட்டம் போட்டு
கணக்கு எழுதாமல் விட்ட நோட்டு.
அப்புறம் செம்மண், உடைமரம், செம்மண்.
சக்கரம் தரையில் பட்டதும்
ஆளாளுக்கு ஃபோனை எடுத்து
"வந்தாச்சு" என்கிறார்கள்.
நான் என் வக்கீலிடம் சொன்னேன்.
அவன் அவனுடைய வக்கீலிடம் சொல்லியிருப்பான்.

நான் சொல்லிவைத்த கார்
செய்துங்கநல்லூரில் பஞ்சராகி நிற்கிறதாம்.
அவன் பிடித்த கார் வாசலில்.
பாளைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர்,
மணி ஒன்பது பத்து.
"ரெண்டு பேரும் கோர்ட்டுக்குத்தான போறிய?
ஏறுங்க, ஒரே வழிதான."
டிரைவரிடம் பேர் கேட்டது செல்வின்.
எந்த வண்டியில் ஏறினாலும் கேட்பான்.
"ஐகோர்ட்ராஜா, சார்."

சிரித்துவிட்டோம்.
ஒன்றாகத் தொடங்கி
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து முடித்தோம்.
"எங்க குலசாமி பேரு. மத்தபடி
கோர்ட்டுக்கும் நமக்கும் ஒரு சோலியும் கெடையாது, பாத்துக்கிடுங்க."

வல்லநாட்டுப் பாலத்தில் ஒரு பக்கம் அடைப்பு.
லாரிக்குப் பின்னால் லாரி.
கீழே தாமிரபரணியில் ஒருவன்
டிராக்டரின் நெற்றியைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறான்.
இருபது நிமிடத்தில் இருநூறு மீட்டர்.
"இந்நேரம் மேலே நூற்றிருபது கிலோமீட்டர் போயிருப்போம்"
என்றான் செல்வின், காற்றைப் பார்த்து.
எதையும் இப்படிக் கணக்குப் போடுவான்.
சாம்பாரில் எத்தனை துண்டு முருங்கைக்காய் என்று
ஆளுக்கு வகுத்துச் சொன்னதுண்டு.
மனுவின் ஏழாவது பத்தியில்
அதையும் எழுதியிருக்கிறேன்.
நான் பதில் சொல்லவில்லை.
மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
கணக்குச் சரிதான்.

கே.டி.சி. நகர் தாண்டியதும்
பையிலிருந்த சீப்பை எடுத்தேன்.
கேட்காமலே அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினான்.

கோர்ட் வாசலில் நான் இடப்பக்கம், அவன் வலப்பக்கம்.
டவாலி மூன்று முறை கூப்பிட்டார்,
பொன்மலரில் ஓர் எழுத்தைத் தின்று.
நீதிபதி விடுப்பு.
அடுத்த வாய்தா மார்ச் பதினொன்று.
ஏறி இறங்கியது, நின்றது, கையெழுத்து
எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்.

அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி.
வந்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.
அந்த இரண்டு தெருவுக்கு
விமானம் கிடையாது.

வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த
ஐகோர்ட்ராஜா நிமிர்ந்தார்.
"சாயந்திர பிளைட்டுக்குத்தான திரும்புவிய?
ஒரு வண்டியா, ரெண்டு வண்டியா?
இப்பமே சொல்லிட்டா நல்லது."

நான் செல்வினைப் பார்த்தேன்.
பதில் சொல்ல வாயைத் திறந்தவன்
தும்மினான்.
இரண்டு.

நானும் டிரைவரும்
காத்துக்கொண்டு நின்றோம்.